அடம்பன் பூ மூடுவதற்குள்

பட்டறைக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் சிரிப்பது எனக்குத் தெரியும். பூப் படம் கீற வெளியே போகிறவர்களை நான் வாசலில் மறித்துப் பலகையைத் திருப்பிப் பார்க்கிறேனாம். கோடு இருக்கலாம், குறி இருக்கக்கூடாது என்கிறேனாம். கிழவிக்கு வேலையும் இல்லை, ஓய்வும் இல்லை என்கிறீர்கள். வேலை இல்லைதான். ஆனால் இந்தப் பட்டறையில் தொங்கும் பூக்களில் நல்லவை என் கைப்பட்டவை. அதனால் கேட்க எனக்கு உரிமை உண்டு.

காரணம் கேட்டீர்கள். வாயால் சொன்னால் பாதியில் எழுந்து தேத்தண்ணி ஊற்றப் போய்விடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத எனக்கு நாள் எடுக்கும். நீங்களும் ஆறுதலாக, அவசரப்படாமல் படியுங்கள். வர்ணம் குழைப்பதும் எண்ணெய் கலப்பதும் இதில் வராது. அதை உங்களுக்குக் காட்ட ஆள் இருக்கிறது. பயம் வந்து கையைப் பிடிக்கும்போது என்ன செய்வது என்று காட்ட ஆள் இல்லை.

எனக்கு இந்த வேலை வந்தது பட்டினத்தில் இருந்த ஒரு பறங்கிக் குடும்பத்தால். அந்த வீட்டு அம்மா வயதில் எனக்கு இளையவர். எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். புருசன் தச்சர், அலுமாரியும் சவப்பெட்டியும் செய்வார். மிஞ்சிய பலகையில் மிஸ் பூக் கீறுவார். நான் காலையில் அவர்களுக்குப் பூப் பறித்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறவள். அப்போதே எனக்குப் புருசனும் வீடும் வாசலும் இருந்தன.

ஒரு நாள் நான் கொடுத்த செவ்வரத்தைப் பூவை அவர் கீறி முடித்திருந்தார். பார்த்துவிட்டுச் சொன்னேன்:

“மிஸ், இது என்ர பூ இல்ல.”

“ஏன்கா?”

“என்ர பூவுல ஒரு இதழ் கிழிஞ்சிரிக்கி. நீங்க தைச்சுப் போட்டீங்க.”

அவர் பூவைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், வர்ணம் தொட்ட பிரஸ்ஸை என் கையில் தந்தார். “அப்ப நீ கிழி” என்றார்.

அப்படித்தான் நான் இந்த வேலைக்குள் வந்தேன். ஆனால் என் முதல் பூவையும் நான் தைத்துத்தான் வைத்தேன். கையில் பிரஸ் வந்தவுடன் தலைக்குள் இருக்கும் பூதான் வெளியே வருகிறது. அதற்கு மிஸ் சொன்னதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். இன்றும் இந்தப் பட்டறையில் அதைத்தான் சொல்கிறோம். மேசையில் இருப்பதைக் கீறு. வாடினால் வாடினதைக் கீறு. பூ முதல், இலை பிறகு. பூ போய்விடும், இலை காத்திருக்கும்.

பூ போய்விடும் என்பதால், மிஸ்ஸிடம் வந்து சேர்ந்த மற்றவர்கள் கோடு போட்டவுடன் பலகையிலேயே நிறத்தின் பெயரை எழுதிக்கொள்வார்கள். எனக்கு எழுத்துச் சுணங்கும். நான் எழுதி முடிக்கிறதற்குள் பூ வாடிப் போய்விடும். ஆகவே எனக்கென்று குறிகள் வைத்துக்கொண்டேன். முதலில் கீற வேண்டிய பூவுக்குப் பெருக்கல் குறி. பூவின் ஆழத்துக்கு வட்டம். வெயில் பட்டு மினுங்கும் இலைக்கு மூன்று புள்ளி. வெளிச்சம் எந்தப் பக்கத்தால் வருகிறதோ அந்தப் பக்கமிருந்து ஓர் அம்பு. எல்லாம் மண்ணிறத் தண்ணி வர்ணத்தால். மேலே எண்ணெய் வர்ணம் ஏறினால் மறைந்துவிடும். மிஸ் அதைப் பார்த்துச் சிரித்தாரே தவிர தடுக்கவில்லை. எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது. ஒருவருக்கும் வாசிக்க முடியாத பாசை எனக்கு மட்டும் இருந்தது.

பிறகு கடல் வந்தது. என் புருசனையும் தங்கையையும் ஒரே காலையில் கொண்டுபோனது. அதை இங்கே எழுதப் போவதில்லை. உங்கள் வீடுகளிலும் அது நடந்திருக்கிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன், மற்றது விளங்குவதற்காக. அதற்குப் பிறகு நான் கடலுக்கு முதுகு காட்டி நின்றதில்லை. கரையில் மீன் வாங்கினாலும் பக்கவாட்டில் நின்றுதான் வாங்குவேன்.

பக்கத்து வீட்டு ராணிக்கும் அன்றுதான் தாய் போனாள். ராணி ஒரு தென்னையைக் கட்டிப்பிடித்துத் தப்பியவள். என்னை மாமி என்பாள். அகதி முகாமில் சும்மா இருந்து அழுதுகொண்டிருந்தவளை நான்தான் மிஸ்ஸிடம் கூட்டிப் போனேன். அவளுக்கு வாய் நீளம். கண் அதைவிட நீளம். எந்தப் பச்சையில் எந்த நீலம் கூடியிருக்கிறது என்று தூரத்தில் நின்றே சொல்லிவிடுவாள்.

அந்தக் காலத்தைப் பற்றி உங்களில் சிலருக்குத் தெரியாது. திரும்பவும் சண்டை மூண்டிருந்தது. வாகரைப் பக்கத்துச் சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காட்டாலும் கடலாலும் வந்து சேர்ந்துகொண்டிருந்தது. வாவிக்கு அங்கால் படுவான்கரையில் ஷெல் விழுந்தால் எங்கள் வீட்டுத் தகரம் அதிரும். இளம் பிள்ளைகள் ரோட்டில் போனால் திரும்பி வருவார்களா என்று தெரியாது. பிடித்தது யார், எந்தப் பக்கத்து ஆள் என்பதும் தெரியாது. கேட்கப் போனவர்களே காணாமல் போன காலம். வயதுபோன பெண்களை ஒருவரும் தேடவில்லை. ராணிக்கு இருபது வயது தாண்டியிருந்தது.

அப்போதுதான் தேற்றாத்தீவுக்கு அங்கால் உள்ள ஒரு கரையோர ஊரிலிருந்து சில தாய்மார் மிஸ்ஸின் பட்டறைக்கு வந்தார்கள். கடல் கொண்டுபோன பிள்ளைகளை அவர்கள் ஒரே குழியில் அடக்கம் செய்திருந்தார்கள். வீட்டோடு படங்களும் போய்விட்டதால் ஒரு பிள்ளையின் முகமும் அவர்களிடம் மிஞ்சவில்லை. ஊர் மண்டபத்தில் மாட்ட ஒரு படம் வேண்டும் என்றார்கள்.

“என்னத்தக் கீறுற?” என்று மிஸ் கேட்டார்.

“அந்தக் குழிக்கு மேல அடம்பன் கொடி படர்ந்து பூத்திரிக்கி, மிஸ். நாங்க நடல்ல. தானா வந்த. அதக் கீறித் தாங்க. வேற பூ ஒண்டும் வேணாம்.”

அடம்பன் பூவைப் பறித்துக்கொண்டு வந்து மேசையில் வைக்க முடியாது. பறித்த கையிலேயே சுருண்டுவிடும். இருந்த இடத்திலேயே விட்டாலும் காலையில் விரிந்து, வெயில் ஏறினால் மூடி, அத்தோடு முடிந்தது. நாளைக்கு விரிவது வேறு பூ, வேறு கணுவில். அதைக் கீற வேண்டுமென்றால் விடிந்தவுடன் கடற்கரை மணலில் போய் இருக்க வேண்டும். அந்தக் குழியிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஓர் ஆமிக் காவலரண் இருந்தது.

மிஸ் ஆமி முகாமுக்குப் போய் அனுமதி கேட்டார். காலையில் மட்டும் வரலாம் என்று வாயால் சொன்னார்கள். என்னுடைய கைதான் அடம்பனின் ஊதாவுக்குச் சரி என்று மிஸ் என்னை அனுப்பினார். குடை பிடிக்கவும் பெட்டி தூக்கவும் ராணி வருகிறேன் என்றாள். நான் வேண்டாம் என்றேன். “நீங்க தனியப் போய்க் கடலப் பாத்து ஓடி வந்திருவீங்க, எனக்குத் தெரியாதா?” என்றாள்.

அவள் சொன்னது பொய்யில்லை. எங்கள் கரையில் சூரியன் கடலிலிருந்துதான் எழும்பும். பூவின் முகத்தில் வெளிச்சம் நேராக விழுவதைப் பார்க்க வேண்டுமென்றால் கடலுக்கு முதுகு காட்டித்தான் இருக்க வேண்டும். முதல் நாள் நான் பக்கவாட்டில் இருந்து கீறினேன். ஒவ்வொரு அலைக்கும் கழுத்துத் திரும்பியது. பூவெல்லாம் கோணலாக வந்தது.

“மாமி, ஒரு கண்ணாலயா கீறுறீங்க? மத்தக் கண் கடலுல இரிக்கி.”

“நீ உன்ர வேலயப் பாரு.”

“என்ர வேல இனி இதான்” என்று சொல்லிவிட்டு, என் முதுகோடு முதுகு ஒட்டி, கடலைப் பார்த்தபடி மணலில் இருந்தாள். குடையை மட்டும் பின்னால் சரித்துப் பிடித்தாள். “நான் கடலப் பாக்கன். நீங்க பூவப் பாருங்க. அது அசைஞ்சா நான் சொல்றன். சொல்லாட்டி அது அசையல்ல.”

அப்படியே இருந்தோம். அவளுடைய முதுகின் சூடு என் முதுகில் பட்டுக்கொண்டிருக்கும். இடைக்கிடை “கடல் இன்னும் அங்கதான் இரிக்கி, மாமி” என்பாள். என் கழுத்துத் திரும்புவது நின்றது.

காவலரணிலிருந்த சிப்பாய் தூரத்திலிருந்து எங்களைப் பார்ப்பான். கிட்ட வரமாட்டான். சின்ன முகம். ஒரு தரம் ராணி கை காட்டினாள். அவனும் கை காட்டப் போய், பிறகு நினைவு வந்தவன்போல் துவக்கைப் பிடித்துக்கொண்டான். அதற்கு அவள் அன்று முழுவதும் சிரித்தாள்.

முதல் பலகை காற்றில் மணல் ஒட்டிக் கெட்டுப்போனது. இன்னொரு நாள் புதிய பலகை கொண்டுபோனோம். அன்று பூ நிறைய விரிந்திருந்தது. நான் அவசரமாகக் கோடு இழுத்தேன். கொடி ஒன்று நீளமாக ஓடியது, கிளை பிரிந்தது. கணுவுக்குக் கணு இலை. குழியின் மூலையில் ஊர்க்காரர் நட்ட எல்லைக்கல், அதற்கு ஒரு சதுரம். முதலில் கீற வேண்டிய பூக்களுக்குப் பெருக்கல் குறி. ஆழத்துக்கு வட்டங்கள். மினுங்கும் இலைகளுக்குப் புள்ளிகள். கடல் பக்கமிருந்து பெரிய அம்பு. இனி வர்ணம் எடுக்க வேண்டியதுதான்.

அப்போது ஜீப் வந்தது.

இறங்கியவர் புதிய அதிகாரி. அனுமதி கொடுத்தவர் இல்லை. நேரே வந்து பலகையைப் பார்த்தார். புத்தகத் தமிழில் கேட்டார்:

“இது என்ன?”

“பூ, சேர்.”

“பூ எங்கே?”

நான் பலகையைப் பார்த்தேன். முதன்முதலாக அதை அவருடைய கண்ணால் பார்த்தேன். பிள்ளைகளே, அதில் பூ இல்லை. ஒரு பாதை ஓடியது, கிளை பிரிந்தது. பாதையோரத்தில் ஒரு சதுரக் கட்டடம். கட்டடத்தைச் சுற்றிப் பெருக்கல் குறிகள், வட்டங்கள், புள்ளிகள். கடலிலிருந்து அதை நோக்கி ஓர் அம்பு. கையில் துவக்கு வைத்திருக்கும் எவருக்கும் அது ஒரு காவலரணைத் தாக்க வரைந்த வரைபடம். என் பாசையை யாரும் வாசிக்க முடியாது என்று பெருமைப்பட்டேனே, அவர் வாசித்துவிட்டார். வேறு விதமாக வாசித்துவிட்டார்.

“இது?” பெருக்கல் குறியில் விரலை வைத்தார்.

“முதல் கீறுற பூ, சேர்.”

“இது?”

“வெளிச்சம் வாற பக்கம்.”

“எழுத்து இல்லை. ஏன் எழுத்து இல்லை?”

“எனக்கு எழுத்துச் சுணங்கும், சேர்.”

அவர் சிரிக்கவில்லை. ராணியிடம் அடையாள அட்டை கேட்டார். அவளுடைய அட்டை கடலோடு போயிருந்தது. கிராம சேவகர் கொடுத்த கடதாசிதான் இருந்தது, அதிலும் அகதி முகாம் விலாசம். அவர் அதை மடித்துத் தன் பையில் வைத்தார். அது அவர் பைக்குள் போனதைப் பார்த்தவுடன் ராணியின் முகம் மாறிவிட்டது. கடதாசி போனால் ஆளும் போனதுபோலத்தான் அந்தக் காலம். அவளைக் காவலரணுக்குள் போகச் சொன்னார். மணல் மூட்டைகளுக்கு நடுவே இருந்த ஓட்டையால் குனிந்து போனாள். போகும்போது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவாள் என்று எனக்குத் தெரியும்.

“நீ வீட்டுக்குப் போ” என்றார் என்னிடம். “அவள் எங்களோடு வருவாள். விசாரித்து அனுப்புவோம்.”

விசாரித்து அனுப்புவோம் என்ற சொல்லை எத்தனை தாய்மார் வாசலில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள் என்று நான் அறிவேன். ஜீப் புறப்பட்டால் எல்லாம் முடிந்தது. அழலாம், காலில் விழலாம். அப்படி விழுந்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஓடிப்போய் மிஸ்ஸைக் கூட்டி வரலாம். பஸ் பிடித்துப் போய் வருவதற்குள் ஜீப் இராது. நான் போகவில்லை. திரும்பவும் பலகைக்கு முன்னால் மணலில் இருந்தேன்.

“சேர், நான் கீறி முடிக்கிறன். நீங்க நிண்டு பாருங்க. பூ இல்லாட்டி ரெண்டு பேரையும் கொண்டு போங்க.”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஜீப்பின் முன்பக்கத்தில் சாய்ந்துகொண்டு ஒரு சிகரெட் பற்றவைத்தார். “கீறு” என்றார்.

ஊதாவை எடுத்தேன். பூ முதல் என்பது எனக்கு ஊறிப்போன பழக்கம். பெருக்கல் குறி போட்ட பூவைப் பார்த்தேன். அது மூடத் தொடங்கியிருந்தது. விளிம்பு சுருண்டு, ஈரத் துணியைப் பிழிந்தது போல் முறுகிக்கொண்டிருந்தது. பலகையில் அதற்கு நான் போட்டிருந்த கோடு உள்ளங்கை அளவு வட்டம்.

இங்கேதான் நீங்கள் நின்று யோசிக்க வேண்டும். விரிந்த பூவை நினைவிலிருந்து கீறினால் கோட்டுக்குச் சரியாக இருக்கும். ஆனால் அவர் திரும்பி மணலைப் பார்த்தால் அங்கே அப்படி ஒரு பூ இராது. மூடிய பூவைக் கீறினால் மணலுக்குச் சரி, கோட்டுக்குப் பிழை. இரண்டிலும் நான் பொய்க்காரி. நாளைக் காலை வரை பொறுங்கள், விரியும் என்று கெஞ்சலாம். ஆனால் நாளைக்கு விரிகிற பூ இந்த இடத்தில் விரியாது. அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. நாளைக்கு என் குறிகளில் ஒன்றுகூட ஒரு பூவிலும் பொருந்தாது. ஒரு இரவு ராணி அவர்களிடம் இருந்தபிறகு அவளுக்கு அது தூக்குக் கயிறு.

பிரஸ்ஸிலிருந்து ஊதா பலகையில் ஒரு துளி விழுந்தது. அதைத் துடைத்தேன். பின்னால் கடல் இரைந்தது. பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. திரும்பினால் திரும்பவும் கழுத்து இந்தப் பக்கம் வராது என்று தெரிந்தது. திரும்பவில்லை.

பிரஸ்ஸைக் கழுவினேன். பச்சையை எடுத்தேன்.

“பூ என்றாய். இலை கீறுகிறாய்?”

“இல முதல், சேர். இல எங்கயும் போகாது.”

மிஸ் சொல்லித் தந்த முறைக்கு நேர் எதிராக அன்று வேலை செய்தேன். அடம்பன் இலை நுனியில் பிளந்து ஆட்டுக் குளம்பு போல இருக்கும். கோட்டில் முதல் இலை எங்கே இருந்ததோ மணலிலும் அங்கே இருந்தது. அதன் பக்கத்தில் ஒன்று யாரோ மிதித்து மடிந்திருந்தது; மடிப்போடு கீறினேன். அடுத்ததில் புழு அரித்த ஓட்டை, ஓட்டையோடு கீறினேன். மூன்று புள்ளியை வைத்த இடத்தில் வெயில் மினுங்கியது. மினுக்கத்தை வைத்தேன், புள்ளிகள் மறைந்தன. சதுரத்துக்குள் எல்லைக்கல்லின் வெடிப்பு வந்தது. அம்பின் மேல் மணலைப் பூசினேன். குறிகள் ஒவ்வொன்றாக வர்ணத்துக்கு அடியில் போயின. அவை அடியில் போவதற்கென்றே போட்டவை. ஆனால் வாழ்க்கையில் அன்றைக்குப் போல் மெதுவாக அவை போனதில்லை.

அந்தச் சின்ன முகத்துச் சிப்பாய் எப்போது வந்தான் என்று தெரியாது. பக்கத்தில் குந்தியிருந்தான். இலைக்கும் பலகைக்குமாகக் கண்ணை ஓட்டினான். புழு அரித்த இலை வந்ததும் சிங்களத்தில் ஏதோ சொன்னான். அதிகாரி அவனை ஒரு சொல்லால் அதட்டினார். அவன் எழுந்து போனான். அவன் சொன்னது எங்களுக்கு நல்லதோ கெட்டதோ என்று எனக்கு விளங்கவில்லை. அடுத்த இலைக்குப் போனேன்.

கடைசியாகப் பூக்கள் மிஞ்சின. வெயில் ஏறிவிட்டது. எல்லாம் மூடிவிட்டன. பெருக்கல் குறிகள் பலகையில் அப்படியே நின்றன. நான் மூடின பூவைக் கீறினேன். வாடினால் வாடினதைக் கீறு. பெரிய வட்டத்துக்கு நடுவில் ஒரு சின்ன முறுக்கு. மணலில் எப்படியோ அப்படி. சுற்றிலும் மிஞ்சிய கோட்டை மறைக்காமல் விட்டேன். மறைத்தால் ஒளிக்கிறேன் என்பார்.

அவர் சிகரெட்டை எறிந்துவிட்டு வந்தார். குனிந்து அந்தக் கோட்டில் விரல் வைத்தார்.

“இது பெரிசு. இது சின்னது.”

“விரிஞ்சிருக்கக்குள்ள கோடு போட்ட, சேர். நீங்க வந்து கதைச்ச நேரத்துல மூடிட்டு.”

சொன்ன பிறகுதான் அவர்மேலேயே பழி போட்டது எனக்கு விளங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு மணலைப் பார்த்தார். மடிந்த இலையைத் தேடினார், கண்டுபிடித்தார். புழு அரித்த இலையைக் காலால் தொட்டுப் பார்த்தார். மூடிய பூ ஒன்றைக் கிள்ளி, விரல்களால் பிரித்து உள்ளே பார்த்தார். உள்ளே ஊதா இருந்தது. அதைக் கீழே போட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பலகையை எடுத்தார். பெருவிரல் ஈரப் பச்சையில் அழுந்தியது. விரலைப் பார்த்தார், காற்சட்டையில் துடைத்தார், பலகையை ஜீப்பின் பின்னால் போட்டார்.

“படம் இங்கே இருக்கும். இனி இங்கே வரவேண்டாம்.”

நான் படத்தைக் கேட்கவில்லை. அவருடைய பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நெடுநேரம் போனதுபோல் இருந்தது. பிறகு அவர் அந்தக் கடதாசியை எடுத்துச் சிப்பாயிடம் கொடுத்தார். சிப்பாய் காவலரணுக்குள் குனிந்து ஏதோ சொன்னான். ராணி வெளியே வந்தாள். தாவணியில் மணல். கையில் கடதாசி. நடை நேராக இருந்தது. ஆனால் மிகவும் மெதுவாக, முட்டையின் மேல் நடப்பதுபோல் வந்தாள்.

நாங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். ஓடக்கூடாது என்று இருவருக்கும் தெரியும். பனங்கூடல் மறைத்த பிறகும் அதே நடைதான். ரோட்டுக்கு ஏறும் இடத்தில் அவள் நின்றாள். அவளுடைய உதடு வெள்ளையாக இருந்தது.

“என்ன புள்ள, அடிச்சவங்களா?”

“இல்ல.”

“அப்ப?”

“மூட்டைக்கு இடையில ஒரு ஓட்ட இரிந்திச்சி. அதால பாத்துக்கிட்டே இரிந்தன், நீங்க கீறினத.” மூச்சை இழுத்தாள். “அந்தப் பொடியன் சொன்னது கேட்டீங்களா? புழுவையும் கீறப் போறாவோ எண்டு கேட்டவன்.”

ராணிக்குக் கொஞ்சம் சிங்களம் தெரியும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் இன்னும் ஏதோ சொல்ல நின்றாள்.

“சொல்லு.”

“மாமி, கல்லுக்குப் பக்கத்து இலையில மஞ்சள் கூடிட்டு.”

நான் அவளை ஏசினேன். இந்த நாட்டில் உள்ள ஏச்செல்லாம் ஏசினேன். மூதேவி என்றேன், உயிர் போகிற நேரத்தில் உனக்கு மஞ்சளா என்றேன். ஏசிக்கொண்டிருக்கும்போதே இருவரும் ரோட்டோரப் புல்லில் இருந்துவிட்டோம். அவள் என் மடியில் முகத்தை வைத்து அழுதாள். பஸ் ஒன்று வந்து எங்களுக்காக நின்று, பிறகு போய்விட்டது.

அந்தத் தாய்மாருக்கு வேறு பலகை, சண்டை ஓய்ந்த பிறகு, ராணிதான் கீறிக் கொடுத்தாள். அது நல்ல வேலை, போய்ப் பாருங்கள். என்னுடையது திரும்பி வரவில்லை. எந்த ஆமி முகாமில் எந்தச் சுவரோடு சாத்தியிருக்கிறதோ, அடுப்புக்குப் போனதோ தெரியாது. ராணியைக் காப்பாற்றியது அந்தச் சிப்பாயின் பகிடி என்று அவள் இன்றும் சொல்வாள். இலை என்று நான் சொல்வேன். அந்த அதிகாரிக்குத்தான் தெரியும்.

ஆனால் கல்லுக்குப் பக்கத்து இலையைப் பற்றி அவளோடு எனக்கு வழக்கு இல்லை. வீட்டுக்கு வந்து கண்ணை மூடினால் அது வந்து நிற்கும். கல்லின் நிழல் விழுந்த இலை அது. மஞ்சள் அங்கே வந்திருக்கவே கூடாது. பயந்த கை வெளிச்சத்துக்குத்தான் ஓடும். அவள் சொன்னது சரி. மஞ்சள் கூடித்தான் இருந்தது.